சவளக்கடை வாய்க்காலில் படித்த அரசறிவியல்

போன மாதம் எங்கள் ஊர்ப் பாடசாலையிலிருந்து ஓர் இளம் ஆசிரியை என்னைப் பார்க்க வந்தார். உயர்தர வகுப்புக்கு மானிடவியலையும் சமூகவியலையும் அரசறிவியலையும் அறிமுகம் செய்து வைக்கும் வேலையை அவரிடம் ஒப்படைத்திருக்கிறார்களாம். கையில் ஒரு தடித்த புத்தகம். வாங்கிப் புரட்டினேன். முதல் அத்தியாயம் முழுக்க வரைவிலக்கணங்கள். ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

“சேர், பிள்ளைகள் நித்திரை கொள்ளுதுகள். நீங்க அந்தக் காலத்துல புத்தகமே இல்லாம என்னெண்டு படிப்பிச்சீங்க?” என்று கேட்டார்.

சொல்லத் தொடங்கினேன். அவருடைய தேநீர் ஆறிப்போனது. மனைவி இரண்டாம் முறை ஊற்றிக் கொடுத்தார், அதுவும் ஆறியது. புறப்படும்போது, “இதை அப்படியே எழுதித் தாங்க சேர்” என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதில், கடலிலிருந்து கரைக்கு வலை இழுக்கும் கரைவலைக்காரர் வீட்டில் பிறந்தவன். பல்கலைக்கழகத்தில் படித்த வருடங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மழை, குளிர், ஆங்கிலம், கம்பளிப் போர்வை. ஒரு நாளை மட்டும் சொல்ல வேண்டும். நூலகத்தில் ஒரு மானிடவியல் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். எங்கோ ஒரு தீவில் வாழும் மக்கள் தங்கள் குலத்தைத் தாய்வழியாகவே கணக்கிடுகிறார்கள் என்று அதை எழுதிய வெள்ளைக்காரர் பெரிய அதிசயமாக எழுதியிருந்தார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எங்கள் கரை முழுவதும் முஸ்லிம்களும் தமிழர்களும் தாயின் குடியைத்தானே தங்கள் குடி என்று சொல்கிறோம்! இந்த மனிதர் கல்முனையில் இறங்கியிருந்தால் அத்தனை கடல் தாண்டிப் போயிருக்க வேண்டாமே என்று தோன்றியது. அன்றைக்கு வந்த சிரிப்புத்தான் என் முழுத் தொழிலும்.

ஐம்பதுகளின் நடுப்பகுதியில் கல்முனையில் ஒரு பாடசாலைக்கு ஆசிரியராக வந்தேன். எஸ்.எஸ்.சி. வகுப்புக்குக் குடியியல் எடுக்கச் சொன்னார்கள். இருந்த ஒரே புத்தகம் இங்கிலாந்தின் பாராளுமன்றத்தைப் பற்றியது. அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். கரும்பலகையில் ‘குடியியல்’ என்று பெரிதாக எழுதிவிட்டு, முன்வாங்கில் இருந்த முஸ்தபாவிடம், “நீ என்ன குடி?” என்று கேட்டேன்.

வகுப்பு சிரித்தது. ஆனால் முஸ்தபா தயங்காமல் சொன்னான். பக்கத்தில் இருந்த அவனுடைய உயிர்ச் சினேகிதன் தங்கராசா சவளக்கடைப் பையன். அவனும் தன் குடியைச் சொன்னான். மறுபக்க வாங்குகளில் இருந்த நான்கு பெண்பிள்ளைகளும் சொன்னார்கள். பிறகு, “உங்கள் குடிக்கு யார் தலைவர்? அவரை யார் தெரிவு செய்தது? அவர் பிழை செய்தால் யார் கேட்பது?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழும்பவில்லை.

அடுத்த நாள் காலையில் பாடசாலை அதிபரிடமிருந்து அழைப்பு வந்தது.

அதிபர் நல்லதம்பி பாண்டிருப்பைச் சேர்ந்தவர். வெள்ளைக் கோட்டு, தோளில் மடிப்புக் கலையாத சால்வை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஓர் ஆசிரியரைப் பற்றி யாராவது முறைப்பாடு சொல்ல வந்தால், அந்த ஆசிரியர் வரும்வரை ஒரு சொல்லும் கேட்கமாட்டார். வந்தவரைத் தன்னுடைய கதிரையிலேயே இருத்துவார். தான் ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார். அதிபரின் கதிரையில் இருந்துகொண்டு யாருக்கும் சத்தம் போட வராது. அன்றைக்கு அந்தக் கதிரையின் நுனியில் இருந்தவர் மருதமுனை ஆதம்பாவா. கைத்தறி நெய்பவர். என் வகுப்பில் படிக்கும் ஹாஜறாவின் தகப்பன்.

“இப்ப சொல்லுங்க” என்றார் அதிபர்.

“ஐயா, என்ட மகள் சாப்பிடக்குள்ள சொல்றாள், இண்டைக்கு இஸ்கூல்ல குடியப் பத்திப் படிச்சாம் எண்டு. நாங்க தொழுகிற ஆக்கள். எங்கட ஊர்ல ஒரு கள்ளுத் தவறணைகூட இல்ல. இஞ்ச பொம்புளப் புள்ளைகளுக்குக் குடியப் படிச்சுக் குடுக்கிறதா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிடும்போல இருந்தது. அதிபரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“தம்பி, நேத்து எடுத்த பாடத்தை இப்ப இவருக்கு எடுங்க. நானும் கேக்கிறன்” என்றார்.

நான் ஆதம்பாவா பக்கம் திரும்பி, அண்ணனை அழைக்கும் முறையில் கேட்டேன். “காக்கா, நீங்க என்ன குடி?”

“நான் ஓடாவி குடி.”

“உங்கட வாப்பா?”

“அவர் வேற குடி. எனக்கு என்ட உம்மாட குடிதானே.”

“ஹாஜறா?”

“அவள் அவள்ட உம்மாட குடி. இதென்ன மாஸ்டர் கேள்வி?”

“பள்ளிவாசல்ல உங்கட குடிக்கு ஒரு மரைக்கார் இரிக்கார்தானே. அவரை ஆரு தெரிவு செய்த?”

ஆதம்பாவா கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். “அதக் கேக்காதங்க மாஸ்டர். அது பெரிய கதை” என்று தொடங்கினார். மூத்தவரைப் போடுவதா, ஊருக்கு ஓடியாடி வேலை செய்யக்கூடிய இளையவரைப் போடுவதா என்று குடிக்குள் கிளம்பிய வாக்குவாதம், பெண்கள் வீட்டுக்குள் இருந்தபடியே சொல்லி அனுப்பிய முடிவு, கடைசியில் எல்லாரும் இணங்கிய விதம், எல்லாவற்றையும் கைவீசிச் சொன்னார்.

“இதுதான் காக்கா பாடம்” என்றேன். “ஒரு குடி தனக்கு ஆளைத் தெரிவு செய்யிற மாதிரித்தான் ஒரு நாடும் தெரிவு செய்யுது. அதுக்குத்தான் குடியியல் எண்டு பேர்.”

ஜன்னலோரம் நின்ற அதிபர் கிட்ட வந்தார். “எங்கட கோயில்லயும் இதே முறைதான். குடிக்கொரு வண்ணக்கர்” என்று அவர் தன் பங்குக்குத் தொடங்கினார். பிறகு அவர்கள் இருவரும் கதைத்த கதையில் நான் அங்கே நிற்பதையே மறந்துவிட்டார்கள். எனக்கு அடுத்த பாடம் இருந்தது. மெதுவாக வெளியே வந்துவிட்டேன். போகும்போது ஆதம்பாவா வகுப்பு வாசலில் நின்று, “நல்ல பாடந்தான் மாஸ்டர். பேரத்தான் மாத்தணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் அதிபர் சொன்னார்: “படிப்பியுங்க தம்பி. ஆனா சோதினை பார்க்கிறவங்களுக்கு உங்கட குடியும் தெரியாது, மரைக்காரும் தெரியாது. பெறுபேறு குறைஞ்சா நிப்பாட்டிப் போடுவன்.”

ஆகவே காலையில் சோதினைப் பாடமும் பின்னேரத்தில் ஊர்ப் பாடமுமாக நடந்தது. ஊர்ப் பாடத்துக்கு விதிகள் வைத்தேன். போகும் இடத்தில் முதலில் பார்க்க வேண்டும், பிறகுதான் கேட்க வேண்டும். ஒரே கேள்வியை எல்லாரிடமும் ஒரே மாதிரிக் கேட்க வேண்டும். அவர்கள் சொன்ன சொல்லிலேயே நினைவில் வைக்க வேண்டும், நம் சொல்லைப் போடக் கூடாது. நல்லது கெட்டது சொல்லக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், போவதற்கு முன்பே, என்ன நடக்கும் என்று தான் நினைப்பதை ஒவ்வொருவரும் வகுப்பில் எழும்பி உரக்கச் சொல்லிவிட வேண்டும். நடந்த பிறகு ‘எனக்கு முன்னமே தெரியும்’ என்று சொல்வது எல்லாருக்கும் சுகமான வேலை. அந்தச் சுகத்தை நான் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

கல்முனைச் சந்தையில் மீன் விலை எப்படி முடிவாகிறது என்று பார்த்தோம். என் வாப்பாவின் கரைவலையில் பங்கு பிரிப்பதைப் பார்த்தோம். அங்கே வாப்பா, வந்த பையன்கள் எல்லாரையும் வலை இழுக்கவிட்டு, ஆளுக்கொரு பங்கு மீனும் கொடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு ஊர்ப் பாடத்துக்கு ஒரு பையனும் வராமல் விட்டதில்லை.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சவளக்கடைத் தெரிவு வந்தது.

வயல்வெளிக்கு ஒரு வட்டைவிதானை உண்டு. வாய்க்கால் தண்ணீரை முறைப்படி திறந்துவிடுவது, வேலி அடைப்பிப்பது, கட்டாக்காலி மாடுகளை மறிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. விதைப்புக்கு முன் காணிக்காரர்கள் கூடி அவரைத் தெரிவு செய்வார்கள். சவளக்கடையில் தமிழரின் காணியும் முஸ்லிம்களின் காணியும் வரம்புக்கு வரம்பு கலந்து கிடந்தன. வழக்கமாக ஒருவரின் பெயரைச் சொல்வார்கள், எல்லாரும் ‘ஓம்’ என்பார்கள், முடிந்துவிடும். அந்த முறை இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் அலியார், முஸ்தபாவின் தாய்மாமன். மற்றவர் கந்தப்போடியார், தங்கராசாவுக்குச் சொந்தக்காரர்.

பத்திரிகைகள் எல்லாம் இனத்தையும் மொழியையும் வைத்துக் கணக்குப் பேசிய காலம் அது. அந்தக் கதை தேநீர்க் கடைகளிலிருந்து என் வகுப்புக்குள்ளும் வந்தது. ஒரு திங்கட்கிழமை பார்த்தால், முஸ்தபா ஒரு வாங்கில் இருக்கிறான், தங்கராசா மூன்று வாங்கு தள்ளி இருக்கிறான். ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கவில்லை. நெடுங்காலம் ஒரே சாப்பாட்டுப் பொதியைப் பிரித்துத் தின்ற பிள்ளைகள்.

அந்தக் கூட்டத்துக்கு வகுப்பைக் கூட்டிக்கொண்டு போக அனுமதி கேட்டேன். அதிபர் உடனே மறுத்தார்.

“அங்க ஒரு கல் பறந்தா ஆரு பொறுப்பு?”

“கூட்டிக்கொண்டு போகாட்டி அந்தக் கல் எங்கட வகுப்புக்குள்ளதான் பறக்கும் சேர்” என்றேன்.

அவர் சால்வையைச் சரிசெய்தார். “அப்ப நானும் வாறன்” என்றார்.

முதல் நாள் வகுப்பில், என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் எழும்பிச் சொன்னார்கள். எல்லாருடைய கணக்கும் ஒன்றுதான். முஸ்லிம் காணிக்காரர் எத்தனை பேர், தமிழ்க் காணிக்காரர் எத்தனை பேர், ஆகவே யாருக்கு வெற்றி. முஸ்தபா மாமாவுக்கு என்றான். தங்கராசா போடியாருக்கு என்றான். இருவரும் தத்தம் பக்கத்தின் தொகையைக் கொஞ்சம் கூட்டியே சொன்னார்கள்.

கடைசியாக ஹாஜறா எழும்பினாள். பயணத்துக்கு அவள் வரமுடியாது, உம்மா விடமாட்டார். ஆனாலும் கேட்டாள்:

“சேர், தண்ணி எந்தப் பக்கத்தால வாற?”

தங்கராசா கரும்பலகையில் வாய்க்காலைக் கீறிக் காட்டினான். மேலே மதகு, அதிலிருந்து இறங்கிவரும் வாய்க்கால், கடைசியில் கீழ்காணிகள்.

“அலியார் மாமாட காணி எங்க?”

“மதகடியில.”

“கந்தப்போடியார்ட?”

“கீழ, கடைசியில.”

“கீழ்காணிக்காரர்தான் கூட எண்டா, கந்தப்போடியார்தான் வருவார்” என்றாள். “அவங்க தமிழரா முஸ்லிமா எண்டு பார்க்கத் தேவல்ல.”

பையன்கள் சிரித்தார்கள். “வயலே பார்க்காத ஆள் வயலப் பத்திச் சொல்றா” என்றான் ஒருவன்.

ஹாஜறா அசரவில்லை. “எங்கட ஊர்ல தறிக்கு நூல் பங்கு வந்தா, குடுக்கிற ஆள் ஆரு எண்டு வாப்பா பார்க்கிறல்ல. கடைசி வீடு மட்டும் நூல் வந்து சேருமா எண்டுதான் பார்ப்பார். எங்கட வீடு கடைசி வீடு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை மாட்டு வண்டிகளில் கிட்டங்கி என்ற இடத்தைத் தாண்டிப் போனோம். முன்வண்டியில் அதிபர் குடையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். வயல் நடுவே ஒரு பெரிய மருதமரத்தடியில் கூட்டம். காரியாதிகாரியின் அரசாங்கக் கந்தோரிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்திருந்தார். பார்த்த உடனே எனக்குக் கலக்கமாக இருந்தது. தமிழர் மரத்தின் ஒரு பக்கம், முஸ்லிம்கள் மறுபக்கம்.

“அலியாருக்கு விருப்பமான ஆக்கள் கையத் தூக்குங்க” என்றார் உத்தியோகத்தர்.

அப்போது நடந்ததை என் மாணவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். சில கைகள் பாதி உயர்ந்தன. பக்கத்தில் இருப்பவனின் முகத்தைப் பார்த்தார்கள். கைகள் இறங்கின. வேறு சில கைகள் மனமில்லாமல் உயர்ந்தன. மறுபக்கத்திலிருந்து ஒரு குரல், “ஆரு ஆரு தூக்கிற எண்டு பார்த்து வையுங்கடா!” என்றது. இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் துள்ளி எழும்பினார். உத்தியோகத்தர் எண்ண முடியாமல் திண்டாடினார். அதிபர் குடையை மடக்கிக் கையில் பிடித்தார்.

“சேர், கையத் தூக்கச் சொன்னா இப்பிடித்தான்” என்று தங்கராசா என்னிடம் மெல்லச் சொன்னான். “ஆக்களுக்கு ஆக்களப் பார்த்துப் பயம்.”

மூன்று பேருக்கு அப்பால் நின்ற முஸ்தபா, அவன் முகத்தைப் பார்க்காமலே, “ஒளிச்சுப் போடவிட்டா சரி. சேர் படிப்பிச்ச இரகசிய வாக்கு” என்றான்.

அத்தனை நாளுக்குப் பிறகு ஒருவன் சொன்னதற்கு மற்றவன் பதில் சொல்லியிருக்கிறான்! நான் அதிபரைப் பார்த்தேன். அதிபர் உத்தியோகத்தரிடம் போய்க் கதைத்தார். அவருக்கும் தப்ப ஒரு வழி வேண்டியிருந்தது. வயல்காவலர் தங்கும் வாடிக்குள் இரண்டு மண்முட்டிகள் வைத்தோம். ஒன்றின் கழுத்தில் வைக்கோல் புரி கட்டினோம், அது அலியாருடையது. மற்றதற்குக் கட்டவில்லை, அது கந்தப்போடியாருடையது. வாசலுக்கு ஒரு சாக்குத் திரை. ஆளுக்கொரு புளியங்கொட்டை.

“முட்டியை ஆரு பார்த்துக்கொள்ளுற?” என்று ஒருவர் கேட்டார்.

“அலியாரின் மருமகனும் போடியாரின் சொந்தக்காரனும். ரெண்டு பேரும் ஒண்டா நிப்பாங்க” என்றார் அதிபர்.

வாடி வாசலில் முஸ்தபாவும் தங்கராசாவும் தோளோடு தோள் உரச நிற்க வேண்டியதாயிற்று. வாசல் அவ்வளவு ஒடுக்கம். முதலில் ஆளுக்கொரு திசை பார்த்தார்கள். ஒரு முதியவர் உள்ளே போய், “தம்பிமாரே, புரி கட்டினது ஆருட முட்டி?” என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார். இருவரும் ஒரே நேரத்தில், “மெதுவாக் கேளுங்க!” என்றார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

கொட்டைகளை எல்லார் முன்னாலும் சாக்கில் கொட்டி எண்ணினோம். கந்தப்போடியார் நல்ல வித்தியாசத்தில் வென்றார். எந்த ஓர் இனத்தின் தொகையோடும் அந்தக் கணக்குப் பொருந்தவில்லை. ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விழித்தார்கள்.

முதலில் சிரித்தவர் தோற்ற அலியார்தான். கந்தப்போடியாரின் கையைப் பிடித்து, “மச்சான், தண்ணி எனக்கு முதல்ல வாறதாலதான் எனக்கு ஓட்டு வரல்ல” என்றார். கூட்டமே வெடித்துச் சிரித்தது. மரத்தின் இரண்டு பக்கமும் கலைந்து ஒன்றாகியது.

பிறகு பிள்ளைகள் போய்க் கேட்டார்கள். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்கக் கூடாது என்பது என் கட்டளை. காணி எங்கே இருக்கிறது, வட்டைவிதானை உங்களுக்கு என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான் கேள்வி. ஆனால் கேட்காமலே எல்லாரும் சொன்னார்கள். மேல்காணித் தமிழர் அலியாருக்குப் போட்டிருந்தார்கள். கீழ்காணி முஸ்லிம்கள் போடியாருக்குப் போட்டிருந்தார்கள். “கடைசிக் காணிக்காரன் விதானையா இருந்தாத்தான், கடைசிக் காணி மட்டும் தண்ணி வரும் மகன். இதுக்கும் ஒரு படிப்பா?” என்று கேட்டார் ஒருவர்.

திரும்பும் வழியில் வண்டிக்குள் முஸ்தபா, தங்கராசா இருவரின் குரலும் கேட்டது.

“என்ட மாமிட மகனே போடியாருக்குப் போட்டிரிக்கான்டா!”

“எங்கட பெரியப்பா அலியார் காக்காவுக்குப் போட்டாராம். எங்கட வீட்டுல தெரிஞ்சா சோறு கிடைக்காது!”

வண்டி குலுங்கியது மாட்டினாலா சிரிப்பினாலா தெரியவில்லை.

திங்கட்கிழமை வகுப்புக்கு அதிபரும் வந்து பின்வாங்கில் இருந்தார். நடந்ததை முஸ்தபா சொன்னான். முடித்துவிட்டு ஹாஜறா பக்கம் திரும்பி, “நீங்க சொன்னதுதான் சரி” என்றான். வகுப்பு கைதட்டியது. அதிபர் எழும்பி, “வயலுக்குப் போன நாங்க எல்லாரும் பிழை. நூலைப் பார்த்த பிள்ளை சரி” என்றார். யாரையும் அவர் அப்படிப் புகழ்ந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த வருடம் சோதினையிலும் வகுப்பு நன்றாகவே செய்தது. பாடத்தை நிறுத்தும் பேச்சு பிறகு எழவில்லை.

ஆனால் ஹாஜறாவை அந்த வருடத்தோடு நிறுத்துவதாக வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். நானும் அதிபரும் மருதமுனைக்குப் போனோம். தறிச் சத்தம் நின்றது. ஆதம்பாவா எங்களை இருத்திவிட்டு, “எனக்கு விருப்பந்தான் மாஸ்டர். இவட முடிவுதான்” என்று உள்ளே கையைக் காட்டினார். கதவுக்குப் பின்னாலிருந்து ஹாஜறாவின் உம்மா சுபைதா கேட்டார்:

“மேல படிக்கிறெண்டா இப்பிடி ஊர் ஊராப் போய்க் கேக்கவும் வேணுமா?”

“ஓம் ராத்தா, வேணும்” என்றேன்.

அதிபர் தொண்டையைச் செருமினார்.

“அப்ப என்ட புள்ள தனியப் போகப் படாது. அவள் போற இடத்துக்கெல்லாம் நானும் வருவன்” என்றார் சுபைதா.

ஹாஜறா படித்தாள். பயிற்சிக் கலாசாலைக்குப் போனாள், ஆசிரியையானாள், இதே பாடத்தைத்தான் எத்தனையோ வருடம் எடுத்தாள். ஆனால் அவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது அடுத்த போகத்தில் நாங்கள் போன பயணம்.

சவளக்கடையில் அப்போது அறுவடை. பெண்பிள்ளைகளையும் முதன்முறையாகக் கூட்டிப் போயிருந்தோம். சுபைதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வண்டியிலேயே இருந்தார். இறங்கமாட்டேன் என்றார். ஹாஜறா வரம்பில் நின்று கதிர் வெட்டும் பெண்களிடம் கேள்வி கேட்கத் தொடங்கினாள். இரண்டாவது கேள்வியிலேயே வண்டிக்குள்ளிருந்து குரல் வந்தது: “அப்பிடிக் கேக்காதகா. சீதனமா வீடு ஆருக்குப் போற எண்டு கேள்.” கொஞ்ச நேரத்தில் அவர் இறங்கிவிட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் பெண்களுக்கு நடுவே வரம்பில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். வீடு மகளுக்கா மகனுக்கா, கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை எங்கே போய் இருப்பது, குடி யார் வழி, மாமியாருக்கு எவ்வளவு அதிகாரம் என்று அவர் கேட்ட கேள்விகள் என் பாடத்திட்டத்தில் இல்லாதவை. பெண்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்கள். தாங்களும் திருப்பிக் கேட்டார்கள். ஹாஜறா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வெயில் சாய்ந்தது. வண்டிக்காரர் மாட்டைப் பூட்டிவிட்டார். போக வேண்டும் என்று நான் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். கடைசியில் சுபைதா மனமில்லாமல் எழும்பி வந்து வண்டியில் ஏறினார். ஏறியவர் என்னிடம் நேராகக் கேட்டார்:

“மாஸ்டர், எல்லாம் எங்கட மாதிரித்தான் இரிக்கி. ஆனா ஆலையடிவேம்புல ஒரு சின்ன வித்தியாசம் இரிக்காம், இவங்க சொல்றாங்க. அத நேர போய்க் கேக்காம எப்பிடி முடிக்கிற? அங்க எப்ப போறம்?”